சட்டநிரூபண சபையில் எமது ஸ்தாபகர்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை எமது கல்லூரியின் ஸ்தாபகராகவே நாம் அறிந்து வளர்ந்தோம். மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு சைவப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிக் கல்லூரியைத் தம் சொந்தச் செல்வத்தைக் கொண்டு நிறுவிய வள்ளல் என்பதும், கொழும்பு கொச்சிக்கடையில் தந்தையார் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் மீளக் கட்டிய சிவபக்தர் என்பதும் மண்டபத்துப் பேச்சுகளில் நாம் பலமுறை கேட்டவை. ஆனால் அன்னாரின் எழுபத்தொன்பது ஆண்டு வாழ்வில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது அரசியல். அவர் முதன்முதலில் சட்டநிரூபண சபையில் அமர்ந்தது 1879இல். 1930இல் கண்மூடியபோதும் அவர் அச்சபையின் உறுப்பினரே. அந்த அரசியல்வாதியைப் பற்றி நம்மில் பலருக்கு அதிகம் தெரியாது. சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அந்தப் பக்கத்தையும் எழுதி வைப்பது பழைய மாணவிகளாகிய எமது கடமை என்று எண்ணுகிறோம். அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. சங்கடப்படவும் ஒரு விடயம் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறோம்.

குடும்பமும் முதல் நியமனமும்

1851 ஏப்ரல் 16ஆம் திகதி கொழும்பில் இராமநாதன் பிறந்தார். தந்தையார் முதலியார் பொன்னம்பலம். தாயார் செல்லாச்சி அம்மையார். தாய்வழிப் பாட்டனார் முதலியார் குமாரசுவாமி அவர்களே சட்டநிரூபண சபையில் அமர்ந்த முதலாவது தமிழர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி அவர்களும் அதே ஆசனத்தில் நெடுங்காலம் இருந்தவர். கொழும்பு அக்கடமியிலும் பின்னர் சென்னை பிரசிடென்சிக் கல்லூரியிலும் பயின்ற இராமநாதனும், இரண்டாண்டு இளையவரான தம்பி அருணாசலமும் இத்தகைய வீட்டுச் சூழலில் வளர்ந்தவர்கள். பொதுவாழ்வு அவர்களுக்கு வீட்டுப் பேச்சாகவே இருந்தது.

1879ஆம் ஆண்டு முத்துக்குமாரசுவாமி காலமானார். அக்காலத்தில் சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆறு பேர் மட்டுமே: ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். எல்லோரையும் நியமிப்பவர் தேசாதிபதியே. வாக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தபோதிலும் தமிழருக்குரிய ஒரே ஆசனத்துக்கு யாரை நியமிப்பது என்பதில் போட்டி எழுந்தது. சட்டத்தரணி கிறிஸ்தோப்பர் பிரிட்டோவுக்கும் ஆதரவு இருந்தது. அப்போது யாழ்ப்பாணத்தில் கூட்டங்கூட்டி இராமநாதனுக்காகக் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். நாவலர் அந்த ஆண்டு டிசம்பரிலேயே சிவபதமடைந்தார். அவர் இறுதியாக ஈடுபட்ட பொதுக்காரியங்களுள் இதுவும் ஒன்று. இருபத்தெட்டு வயது இராமநாதன் நியமனம் பெற்றார்.

1879 முதல் 1892 வரை அவர் அந்த ஆசனத்தில் இருந்தார். தமிழர் பிரதிநிதி என்ற பெயரில் அமர்ந்தாலும் பௌத்தர்களின் தேவைகளுக்காகவும் அவர் பேசினார். சிங்களப் பௌத்தத் தலைவர்கள் அவரைத் தம்மவராகவே கருதினர். பின்னர் 1904ஆம் ஆண்டு கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் பேசியபோது, தாய்மொழியை மறந்து ஆங்கிலேயரைப் போல வாழ முற்பட்ட சிங்களப் பெருமக்களை அவர் கண்டித்ததும், கேட்டவர்கள் அதை ஏற்றுக்கொண்டதும் இந்த உறவின் பயன்.

இதே காலத்தில் முஸ்லிம்களுடன் ஒரு பிணக்கும் ஏற்பட்டது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர்களே என்று வாதிட்டு 1888இல் அவர் ஒரு கட்டுரை படித்தார். சபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வழங்குவது பேசப்பட்ட வேளையில் அது வெளிவந்ததால், தமக்குரியதைத் தடுக்கும் முயற்சியாகவே அவர்கள் அதைக் கண்டனர். 1889இல் சபை விரிவாக்கப்பட்டு, கண்டியருக்கும் சோனகருக்கும் ஒவ்வோர் ஆசனம் கிடைத்தது. மனக்கசப்பு மட்டும் மாறவில்லை. இருபதாண்டுகளுக்குப் பின்னும் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அதற்கு மறுப்பு எழுதினார்.

முழு இலங்கையும் தெரிந்தெடுத்தவர்

1892இல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை ஏற்றதால் இராமநாதன் சபையை விட்டு விலகினார். 1906 வரை அரச சேவை. 1905இலும் 1906இலும் அமெரிக்காவில் சமயச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவருடைய பணியில் உதவியாக இருந்த அவுஸ்திரேலியப் பெண்மணி ஆர். எல். ஹரிசன் பின்னர் அவரை மணந்து லீலாவதி அம்மையாரானார். எமது கல்லூரியைத் தாயாக இருந்து நடத்திய அந்த அம்மையாரின் வாழ்க்கை தனிக் கட்டுரைக்குரியது.

ஓய்வுபெற்ற இராமநாதனை மீண்டும் அரசியலுக்கு இழுத்து வந்தது 1910ஆம் ஆண்டின் சீர்திருத்தம். சபை 21 உறுப்பினரைக் கொண்டதாக மாற்றப்பட்டது. அவர்களுள் நால்வர் மட்டும் தெரிவுசெய்யப்பட வேண்டும்: ஐரோப்பியர் இருவர், பறங்கியர் ஒருவர், படித்த இலங்கையர் ஒருவர். சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடின்றி இலங்கையர் வாக்களித்து ஒருவரைத் தெரிவுசெய்யும் முதல் வாய்ப்பு இதுவே.

1911 டிசம்பரில் தேர்தல் நடந்தது. இராமநாதனை எதிர்த்து நின்றவர் புகழ்பெற்ற வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோ. வாக்காளர் பெரும்பாலும் சிங்களவர். ஆயினும் வென்றவர் தமிழரான இராமநாதன். இனபேதம் இல்லாத ஒரு பொற்காலத்தின் சான்றாக இந்த வெற்றியை மேடைகளில் கூறுவதுண்டு. அது பாதி உண்மை. கராவ சமூகத்தவரான பெர்னாண்டோவைவிட வேளாளரான இராமநாதனைக் கொவிகம சமூகப் பிரமுகர் பலர் விரும்பினர் என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். இனத்தைத் தாண்டிய அந்த வாக்குச் சாதியைத் தாண்டவில்லை. இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. முழு இலங்கையிலும் இத்தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் சுமார் 3,000 பேர்தான். எல்லோரும் ஆங்கிலம் படித்த ஆண்கள். ஐந்தாண்டு கழிந்து நடந்த தேர்தலிலும் அந்த வாக்காளர்கள் அவரையே அனுப்பினர்.

அந்த இரண்டு தேர்தல்களுக்கும் நடுவேதான் அவருடைய அரசியல் வாழ்வின் உச்சம் வந்தது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய சிங்கள - முஸ்லிம் கலவரம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. உயிர்கள் போயின. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை. தேசாதிபதி சேர் ரொபர்ட் சாமர்ஸின் அரசாங்கம் இதை ஆட்சிக்கு எதிரான சதியாகக் கண்டு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. விசாரணையின்றிச் சுடப்பட்டோரும், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் மரண தண்டனை பெற்றோரும் பலர். டி. எஸ். சேனநாயக்க உள்ளிட்ட சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

வாய் திறக்கவே பலர் அஞ்சிய அந்நாட்களில் சபையில் எழுந்து நின்று இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தவர் இராமநாதன். அரசாங்க அதிகாரிகளைச் சட்டப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் மசோதாவை எதிர்த்தார். யுத்தகாலக் கடற்பயணத்தின் ஆபத்தையும் பாராமல் இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1915ஆம் ஆண்டுக் கலவரமும் இராணுவச் சட்டமும் பற்றிய அவருடைய நூல் 1916இல் இலண்டனில் வெளிவந்தது. திரும்பி வந்தபோது சிங்கள மக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. முஸ்லிம்களுக்கோ, தாம் பட்ட துன்பத்தைப் பற்றிப் போதியளவு பேசாமல், தாக்கியோர் பக்கம் நின்றவராகவே அவர் தோன்றினார். அந்த வருத்தத்துக்கும் நியாயம் உண்டு.

கல்லூரியும் கொள்கையும்

இந்த அரசியலின் நடுவே எழுந்ததே எமது கல்லூரி. வடக்கில் பெண்கல்விக்கு வித்திட்டவர்கள் மிஷனரிமார். உடுவில் மகளிர் பாடசாலை 1824இலேயே தொடங்கிவிட்டது. ஆங்கிலக் கல்வி வேண்டிய சைவப் பெண்பிள்ளை கிறிஸ்தவப் பாடசாலைக்கே போகவேண்டும். இல்லையேல் வீட்டில் இருக்கவேண்டும். சைவ ஒழுக்கத்தில் நின்றபடியே உயர்கல்வி பெறலாம் என்று காட்டவே இராமநாதன் மருதனார்மடத்தைத் தேர்ந்தார். ஆண்பிள்ளைகளுக்கான பரமேசுவராக் கல்லூரி திருநெல்வேலியில் எழுந்தது 1921இல். பெண்பிள்ளைகளுக்கு முதலில், ஆண்பிள்ளைகளுக்குப் பின்னர் என்ற இந்த வரிசையை நாம் கவனிக்கவேண்டும். பரமேசுவராவின் வளவே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாயிற்று. எம்முள் எத்தனையோ பேர் மருதனார்மடத்திலிருந்து அந்த வளாகத்துக்குச் சென்று பட்டம் பெற்றவர்கள்.

அவர் எண்ணிய பெண்கல்வியின் நோக்கம் இல்லத்தை விளக்கேற்றி வைக்கும் கற்ற சைவத் தாயை உருவாக்குவது. பெண் பொதுவாழ்வில் இறங்கவேண்டும் என்பது அவருடைய திட்டத்தில் இல்லை. இதைச் சொல்வது குறையாகாது. அக்காலத்துப் பெண்கல்வியாளர் பலரும் அவ்வாறே எண்ணினர். ஆனால் இதை மனதிற் கொண்டால்தான் அடுத்து நடந்தது விளங்கும்.

1921இல் அவர் நியமன உறுப்பினராகச் சபைக்குத் திரும்பினார். அவ்வாண்டே சேர் பட்டமும் பெற்றார். நாட்டின் அரசியற் காற்று அப்போது மாறியிருந்தது. இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக 1919இல் தெரிவான தம்பி அருணாசலம், மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படாததால் மனமுடைந்து வெளியேறி, 1921இல் தமிழர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1924 ஜனவரியில் அவர் மதுரையில் காலமானார். 1911இல் முழு இலங்கைக்கும் பிரதிநிதியான இராமநாதன், 1924ஆம் ஆண்டுத் தேர்தலில் வட மாகாணத்தின் வடக்குத் தொகுதிக்குப் பிரதிநிதியானார். ஒரு மனிதரின் செல்வாக்கு சுருங்கியது என்று இதைக் கருதுவது தவறு. சுருங்கியது இலங்கை அரசியல்.

வாக்குரிமை

1927ஆம் ஆண்டு நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்தது. அப்போது வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவில். எழுத்தறிவும் வருமானமும் அல்லது சொத்தும் உள்ள ஆண்கள் மட்டும். காங்கிரஸ் தலைவர்கள்கூட எல்லோருக்கும் வாக்கு என்று கேட்கவில்லை. துணிந்து கேட்டது ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம். அவ்வாண்டு டிசம்பரில் கொழும்புப் பெண்மணிகள் சிலர் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்து ஆணைக்குழுவின் முன் சென்றனர். அவர்களுள் முன்னின்றவர் அக்னஸ் டி சில்வா. 1928இல் வெளிவந்த அறிக்கை யாரும் எதிர்பாராதபடி சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. பெண்களுக்கு 30 வயது என்று அறிக்கை சொன்னது. பின்னர் அது ஆண்களைப் போலவே 21 ஆக்கப்பட்டது.

இராமநாதன் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பில் இரண்டு விடயங்கள் இருந்தன. முதலாவது, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கிவிட்டுத் தலைகளை எண்ணி ஆட்சி நடத்தினால் தமிழரும் ஏனைய சிறுபான்மையினரும் பெரும்பான்மையின் தயவில் வாழ நேரிடும் என்பது. இரண்டாவது, படிக்காதவர்களுக்கும், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும், பெண்களுக்கும் வாக்களிப்பது சமூக ஒழுங்கைக் குலைக்கும், இந்து வாழ்க்கை முறைக்கு ஒவ்வாது என்பது.

1929 டிசம்பரில் டொனமூர் திட்டம் சபையில் வாக்கெடுப்புக்கு வந்து 19க்கு 17 என்ற கணக்கில் நிறைவேறியது. இராமநாதன் எதிர்த்து வாக்களித்தார். அத்துடனும் நில்லாமல், எழுபத்தொன்பது வயதில் இலண்டன் சென்று குடியேற்ற நாட்டமைச்சிடம் வாதாடினார். அவர் கேட்டது கிடைக்கவில்லை. திரும்பி வந்து 1930 நவம்பர் 26ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய முதலாவது அச்சத்தைப் பின்வந்த காலம் பொய்யாக்கவில்லை. அதைப் பட்டறிந்த தலைமுறைகள் நாங்கள். ஊரைவிட்டு, நாட்டைவிட்டுச் சிதறிய பழைய மாணவிகள் இம்மலரை எந்தெந்தத் தேசங்களில் இருந்து வாசிக்கிறார்கள் என்பதே அதற்குச் சாட்சி. அதனால்தான் இராமநாதன் டொனமூரை எதிர்த்தது தீர்க்கதரிசனம் என்று எம்மவர் பலர் பேசிவிட்டுக் கடந்து போகிறார்கள். நாம் அப்படிக் கடந்து போக முடியாது. அவர் எச்சரித்தது ஒன்று, மறுத்தது இன்னொன்று. சிறுபான்மைக்குக் காப்புக் கேட்பதற்காகப் பெண்ணின் வாக்கையும் ஒடுக்கப்பட்டவரின் வாக்கையும் மறுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஒரு கோரிக்கையோடு மற்றதையும் சேர்த்துக் கட்டியதால், நியாயமான முதற் கோரிக்கையும் மேல்தட்டாரின் சுயநலமாகவே வெளியே தோன்றியது. எமது நோக்கில் அவருடைய அரசியலின் பெரிய இழப்பு இதுவே.

இன்னும் ஒன்று. பெண்பிள்ளைகளுக்காகக் கல்லூரி கட்டிப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் அளித்த வாக்கு அது. அதற்குள் அக்கல்லூரியில் கற்றுத் தேறிய பெண்கள் ஆசிரியைகளாகவும் தாய்மாராகவும் ஊர்களில் இருந்தனர். எழுத்தறிவில்லாதோருக்கு வாக்கு வேண்டாம் என்பது அவர் வாதமானால், அவரே எழுத்தறிவித்த பெண்களுக்கு அது பொருந்தாது. ஆகவே அவர் தயங்கியது அறிவின்மையைக் கண்டு அல்ல, பெண் என்பதைக் கண்டுதான் என்று நாம் கொள்ளவேண்டியிருக்கிறது.

அவருக்குப் பின்

1931 ஜூன் மாதம் சர்வசன வாக்குரிமையுடன் முதற் பொதுத்தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணப் பெண்கள் அன்று வாக்களிக்கவில்லை. காரணம் இராமநாதன் அல்லர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. முதியவர் அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கிறார்கள் என்று எதிர்த்தார். இளைஞர்கள் போதாது என்று எதிர்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் எமது பாட்டிமாரின் முதல் வாக்கு 1934 வரை பிந்திப்போயிற்று.

வெளியிலோ காலம் காத்திருக்கவில்லை. 1931இல் றுவான்வெல்லை இடைத்தேர்தலில் அடலின் மொலமூரே அரசாங்க சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். 1932இல் கொழும்பு வடக்கில் வென்று நேசம் சரவணமுத்து அங்கு அமர்ந்த முதல் தமிழ்ப் பெண்மணியானார். இராமநாதன் மறைந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

1934ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் குடாநாட்டுப் பெண்களும் வாக்களித்தனர். காங்கேசன்துறைத் தொகுதியில் தெரிவானவர், பரமேசுவராக் கல்லூரியின் அதிபரும் இராமநாதனின் மருமகனுமான சு. நடேசபிள்ளை. யாழ்ப்பாணத் தொகுதியில் தெரிவானவர் அருணாசலத்தின் புதல்வர் மகாதேவா. எவருடைய வாக்கு ஒழுங்கைக் குலைக்கும் என்று பெரியவர் அஞ்சினாரோ, அவர்களும் சேர்ந்துதான் அவருடைய குடும்பத்தவர் இருவரையும் சபைக்கு அனுப்பினார்கள். 1952இல் அதே காங்கேசன்துறையில் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தைத் தோற்கடித்து நடேசபிள்ளை பாராளுமன்றம் சென்றதும் அந்தச் சர்வசன வாக்கால்தான்.

ஐம்பதாண்டுப் பொதுவாழ்வில் இராமநாதன் இரண்டு முறை நியமனம் பெற்றார், மூன்று முறை தேர்தலில் வென்றார். அம்மூன்று தேர்தல்களிலும் அவருக்கு வாக்களித்தவர்களுள் ஒரு பெண்ணும் இல்லை. பொதுசனங்களின் முன் வாக்குக் கேட்டு நிற்கும் சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்கவேயில்லை. வாய்த்திருந்தால் எமது ஊர்ப் பெண்கள் அவரைத் தோற்கடித்திருப்பார்கள் என்று நாம் நினைக்கவில்லை. தம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தந்தவரை அவர்கள் மறக்கும் வழக்கமில்லை.

ஸ்தாபகரைத் தெய்வமாக்கிவிட்டால் அவரிடம் நாம் கற்க ஒன்றும் இருக்காது. 1915இல் அதிகாரத்தின் முன் தனியே எழுந்து நின்ற துணிவை அவரிடம் கற்போம். தமது செல்வத்தைக் கல்விக்கென்று கொடுத்த மனத்தைக் கற்போம். பெண்ணுக்குக் கல்வி போதும், குரல் வேண்டாம் என்ற இடத்தில் அவருடன் உடன்பட மறுப்போம். அப்படி மறுக்கும் தகுதியை எமக்குத் தந்ததும் அவர் நிறுவிய கல்லூரியே என்பதை நன்றியுடன் நினைவுகூர்ந்து, இந்த நூற்றாண்டில் அன்னாரின் திருவடிகளை வணங்குகிறோம்.